கல்லைத் தூக்கும் முன்னே டிரிப்ஸ்: பூகம்பத்துக்குப் பிந்தைய அறுவை சிகிச்சையும் கொங்கு நாடும்

எலும்பு நொறுங்கிவிட்டது, கை மெஷினில் மாட்டிக்கொண்டது என்றால் "கோயமுத்தூருக்குக் கொண்டு போயிடுங்க" என்பது சுற்று வட்டாரத்தில் பழகிப்போன பேச்சு. சேலம்–கொச்சி நெடுஞ்சாலை, பஞ்சாலைகள், விசைத்தறிகள், பவுண்டரிகள், கல்குவாரிகள் என்று விபத்துக்குக் குறைவில்லாத பகுதி இது. அந்த விபத்துகளே இங்குள்ள டாக்டர்களின் கையைப் பழக்கியிருக்கின்றன. அதனால் பெரிய பூகம்பம் ஒன்று வந்தாலும் நம் ஆஸ்பத்திரிகள் சமாளித்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அந்த நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. விபத்து வார்டில் சரியாக இருக்கும் பல பழக்கங்கள் பூகம்பத்துக்குப் பிறகு தப்பாகிப் போகும். அடிபட்டவரை உடனே இழுத்தெடுத்து ஓடுவது, காயத்தை அன்றைக்கே தைப்பது, எலும்புக்கு அன்றைக்கே பிளேட் வைப்பது எல்லாமே அதில் அடங்கும்.

கொங்கு நாட்டில் பூகம்பமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி: 1900 பிப்ரவரி 8. அன்று அதிகாலையில் கோயம்புத்தூரையும் பாலக்காட்டுக் கணவாயையும் ஒட்டி ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அளவு சுமார் 6 என்று கணிக்கிறார்கள். தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. 1901 கணக்கெடுப்பில் கோயம்புத்தூரின் மக்கள்தொகை 53 ஆயிரம்தான். 2011-இல் நகரமும் அதைச் சுற்றி வளர்ந்த பகுதிகளும் சேர்ந்து 21 லட்சத்தைத் தாண்டிவிட்டன. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2002-இல் திருத்திய வரைபடத்தில் கோயம்புத்தூர் மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான அபாயப் பகுதியில் இருக்கிறது. மிதமானது என்ற சொல்லை நம்பி அசந்துவிட முடியாது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் வந்த நடுக்கம் 6.2 அளவுதான். அந்த இடம் அப்போது வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயமுள்ள முதல் மண்டலமாக இருந்தது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்து, 10 ஆயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள். அந்த மாதிரிச் சுவர்கள் நம் ஊர்ப் பழைய ஓட்டு வீடுகளிலும் இருக்கின்றன.

பூகம்பம் நடந்த ஊரின் ஆஸ்பத்திரிக்கு முதலில் வருபவர்கள் அதிகம் அடிபட்டவர்கள் அல்ல. நடக்க முடிந்தவர்கள், பைக்கில் பின்னால் உட்கார முடிந்தவர்கள், டெம்போவில் ஏறிக்கொள்ள முடிந்தவர்கள் வருகிறார்கள். தலை கிழிந்தவர்களும் மணிக்கட்டு ஒடிந்தவர்களும் முதல் ஒரு மணி நேரத்திலேயே கேஷுவால்ட்டியை நிரப்பிவிடுவார்கள். தலையிலும் மார்பிலும் பலத்த அடி வாங்கியவர்களில் பலர் இடிபாட்டிலேயே இறந்துவிடுகிறார்கள். உயிரோடு மீட்கப்பட்டு அறுவை அரங்கு வரை வந்து சேர்பவர்களில் பெரும்பான்மையோருக்குக் கை கால்களில்தான் காயம். அவர்கள் வந்து சேரும்போது படுக்கையும் தையல் நூலும் டாக்டரின் தெம்பும் தீர்ந்திருக்கக் கூடாது. ஆகவே அனுபவமுள்ள மூத்த சர்ஜன் ஒருவர் அறுவை அரங்குக்குள் இல்லாமல் வாசலில் நிற்க வேண்டும். அடிபட்டவர்களை அவசரத்தின் அளவுப்படி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிப்பது நம் அரசு விபத்து சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பழக்கமானதுதான். பிழைக்க வைக்க முடியாதவர் என்று ஒதுக்கும் கறுப்பு அட்டைதான் பழக்கமில்லாதது. சாதாரண நாளில் பத்துப் பேர் சூழ்ந்து நின்று காப்பாற்றப் போராடியிருக்கும் ஒருவரை, அன்றைக்கு வலி மட்டும் குறைத்து ஓரமாகப் படுக்க வைக்க வேண்டிவரும். அந்த முடிவை இளம் பயிற்சி டாக்டரின் தலையில் கட்டுவது அநியாயம்.

அடுத்து, இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயம்.

ஒரு தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) இடிந்து, உள்ளே ஒருவரின் இரண்டு தொடைகள் மேலும் உத்திரமும் சுவரும் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 6 மணி நேரமாக அப்படியே கிடக்கிறார். நினைவு தெளிவாக இருக்கிறது. தண்ணீர் கேட்கிறார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, காலை மட்டும் எடுத்து விடுங்க" என்கிறார். ஜே.சி.பி. வந்துவிட்டது. "தூக்கிறலாங்களாண்ணா?" என்று டிரைவர் கேட்கிறார். சுற்றி நிற்கும் அத்தனை பேரும் தூக்கு தூக்கு என்கிறார்கள். தூக்குகிறார்கள். அதுவரை பேசிக்கொண்டிருந்தவருக்குச் சற்று நேரத்தில் இதயம் நின்றுபோகலாம்.

ஏன் இப்படி? பாரத்தின் கீழ் ரத்த ஓட்டமில்லாமல் கிடக்கும் தசை சில மணி நேரத்தில் சாக ஆரம்பிக்கிறது. செல்கள் உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற நிறமிப் புரதமும் வெளியேறி அங்கேயே தேங்குகின்றன. பாரம் இருக்கும்வரை அவை உடம்புக்குள் அவ்வளவாகப் பரவுவதில்லை. பாரத்தை எடுத்ததும் ரத்தம் காலுக்குள் பாய்ந்து, தேங்கியதை எல்லாம் அள்ளிக்கொண்டு இதயத்துக்குத் திரும்புகிறது. பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத்தின் துடிப்பு தடுமாறி நின்றுவிடும். அதைத் தாண்டிப் பிழைத்தவருக்கு மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கிறது. சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வரும், அப்புறம் வராமலே போகும். இதற்கிடையில் நசுங்கிய தசை வீங்கும்போது லிட்டர் கணக்கில் நீரை உறிஞ்சிக்கொள்வதால் ரத்த அழுத்தமும் விழுகிறது. மருத்துவத்தில் இதைக் கிரஷ் சிண்ட்ரோம் என்பார்கள்.

தடுப்பதற்கு வேண்டிய பொருள் மலிவானது: சாதாரண உப்பு நீர் பாட்டில், நார்மல் சலைன். உத்திரத்தைத் தொடும் முன்பே, வெளியே தெரியும் கையில் ஊசி போட்டு, பெரியவர்களுக்கு மணிக்கு 1 லிட்டர் என்ற வேகத்தில் ஏற்ற வேண்டும். மீட்பு 2 மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பாரத்தை எடுக்க வேண்டும். இதில் விபத்து வார்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். ரத்தம் போனவர் வந்ததும் கை தானாக எடுத்து மாட்டுவது பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட் பாட்டில். அதில் கொஞ்சம் பொட்டாசியம் இருக்கிறது. நசுங்கிய காலோடு வருபவருக்கு அது கூடாது. ஆஸ்பத்திரிக்கு வந்ததும் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, மாற்றம் தெரிந்தால் கால்சியம் குளுக்கோனேட்டும் குளுக்கோஸோடு இன்சுலினும் கொடுக்கிறார்கள். டியூப் போட்டு, மணிக்கு எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று எழுதி வைக்கிறார்கள்.

1941-இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் சிக்கி மீண்டவர்கள் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைப் பார்த்து பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை எழுதினார்கள். 1988 டிசம்பரில் அர்மேனியாவில் 25 ஆயிரம் பேர் அளவுக்குப் பலி கொண்ட பூகம்பத்தில், இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட பலர் டயாலிசிஸ் கிடைக்காமல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் பேரிடருக்கென்றே தனிக் குழு அமைத்தது. 1999 ஆகஸ்டில் துருக்கியின் மர்மரா பகுதியில் 639 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அவர்களில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. சுமார் 15 சதவீதம் பேர் இறந்தார்கள். அதே துருக்கியில் 2003-இல் பிங்கோல் பூகம்பத்தில் சிக்கிய 16 பேருக்கு மீட்கும்போதே டிரிப்ஸ் தொடங்கி, பிறகும் தாராளமாக ஏற்றினார்கள். டயாலிசிஸ் வரை போனவர்கள் 4 பேர்தான். 16 பேரும் பிழைத்தார்கள்.

இதற்குப் பூகம்பம் வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதால்தான் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். குவாரியில் பாறை சரிவது, கிணறு தூர்வாரும்போது மண் விழுவது, லாரிக்கு அடியில் கால் மாட்டுவது எல்லாம் நம் பக்கம் அடிக்கடி நடப்பவை. இடிபாட்டுக்கு முதலில் போய்ச் சேர்பவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள், கிரேன், ஜே.சி.பி. டிரைவர்கள், தீயணைப்பு வீரர்கள், 108 ஊழியர்கள். இவர்கள் நாலு தரப்பையும் ஒரே இடத்தில் நிறுத்தி, "டிரிப்ஸ் ஓடுதா? அப்போ தூக்கலாம்" என்ற ஒரு வரிசையைப் பழக்குவதற்குப் பெரிய செலவில்லை. புதிய கட்டடம் திறப்பதைவிட இதனால் அதிக உயிர் பிழைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்படியும் சிலருக்கு டயாலிசிஸ் வேண்டிவரும். அங்கே பிரச்சினை மெஷின் எண்ணிக்கையோடு நிற்காது. 4 மணி நேரம் ஓடும் ஒரு டயாலிசிஸுக்குச் சுத்திகரித்த தண்ணீர் மட்டும் சுமார் 120 லிட்டர் வேண்டும். சுத்திகரிப்பில் கழிவாகப் போவது தனி. கோயம்புத்தூர் குடிப்பது சிறுவாணித் தண்ணீர், பில்லூர்த் தண்ணீர். இரண்டும் மலையிலிருந்து நீண்ட குழாய்களில் வருபவை. குழாய் ஒரு இடத்தில் உடைந்தாலும் நகரம் எத்தனை நாள் காத்திருக்கும் என்பது இங்கே வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். போர்வெல் தண்ணீருக்குக் கரண்ட் வேண்டும், அதன் உப்பை எடுக்கவும் கரண்ட் வேண்டும். ஏற்கெனவே வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸில் இருக்கும் பழைய நோயாளிகளையும் நிறுத்த முடியாது. ஆகவே கோவை பாதிக்கப்பட்டால் சிறுநீரகம் கெட்டவர்களைப் பெருந்துறைக்கும் சேலத்துக்கும் அன்றைக்கே அனுப்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம். எந்த ஊரில் எத்தனை மெஷின், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் தண்ணீர் கையிருப்பு என்ற பட்டியல் முன்கூட்டியே இருந்தால்தான் அது நடக்கும்.

காலைப் பற்றி இன்னொரு விஷயம். விபத்தில் முழங்காலுக்குக் கீழே வீங்கி இறுகிவிட்டால், சில மணி நேரத்துக்குள் தோலையும் தசையைச் சுற்றியுள்ள உறையையும் நீளமாகக் கீறி அழுத்தத்தைக் குறைப்பது கால்களைக் காப்பாற்றும் அறுவை. ஒரு நாள் முழுக்க நசுங்கிக் கிடந்த காலில் அதையே செய்தால், ஏற்கெனவே செத்த தசைக்குள் கிருமி நுழையக் கதவு திறந்துவிட்டதாகிவிடும். மர்மராவில் இப்படிக் கீறப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் கிருமி பரவுவது அதிகமாக இருந்தது. தோல் கிழியாமல் வீங்கியிருக்கிறது என்பதற்காகவே கத்தியை எடுக்கக் கூடாது. நாடித்துடிப்பையும் தசைக்குள் இருக்கும் அழுத்தத்தையும் அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கிழிந்த காயத்துக்கு வருவோம். சாதாரணமாக நாம் எதிர்பார்ப்பது தையல். "ஏனுங்க டாக்டர், இப்படித் திறந்தே விட்டுட்டீங்க?" என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கே வருவார்கள். ஆனால் இடிபாட்டுக் காயத்தில் சிமெண்ட் தூளும் மண்ணும் சாணமும் ஆழமாக ஏறியிருக்கும். நோயாளி வந்து சேர்ந்ததே 10, 20 மணி நேரம் கழித்தாக இருக்கும். அதைத் தைத்து மூடினால் உள்ளே அழுகும். அரங்கில் நடக்கும் வேலை இதுதான்: லிட்டர் கணக்கில் தண்ணீர் விட்டுக் கழுவுவது, பிறகு தசையைத் துண்டு துண்டாகச் சோதிப்பது. இடுக்கியால் கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா, நிறம் சிவப்பாக இருக்கிறதா, தொட்டால் குழையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் அந்தத் துண்டு போக வேண்டியதுதான். அப்புறம் துணியைத் தளர்வாக வைத்துக் கட்டு. வார்டில் தினமும் அவிழ்த்துப் பார்க்கும் ஆசையை அடக்கி, நாலைந்து நாள் கழித்து மறுபடி அரங்கில் திறந்து பார்த்து, சுத்தமாக இருந்தால் அன்றைக்குத் தையல். அதாவது ஒரு காயத்துக்குக் குறைந்தது இரண்டு அறுவை. முதல் நாள் 100 காயங்கள் என்றால், அந்த வார முடிவில் 100 பேர் மறுபடி வரிசையில் நிற்பார்கள்.

இதில் டெட்டனஸையும் மறக்கக் கூடாது. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த பூகம்பத்துக்குப் பிறகு 71 பேருக்கு டெட்டனஸ் வந்து 26 பேர் இறந்தார்கள். காயம் சின்னதாக இருந்தாலும் வரும். நம்மிடம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது, பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் போடுகிறார்கள். விட்டுப்போகிறவர்கள் அறுபது எழுபது வயது தாண்டிய பெரியவர்கள், அதிலும் ஆண்கள். மாட்டுத்தொழுவத்திலும் ஆட்டுப்பட்டியிலும் நாள் முழுக்கப் புழங்குகிறவர்களும் அவர்களே.

எலும்புக்கும் அதே நிதானம் வேண்டும். கொங்கு நாட்டில் ராடும் பிளேட்டும் வைக்காத எலும்பு டாக்டர் கிடையாது. ஆனால் தூசி படிந்த அரங்கில், அரைகுறையாகக் கொதித்த கருவிகளோடு, அழுக்கேறிய காயத்துக்குள் உலோகத்தை வைத்து மூடினால், எலும்புக்குள் சீழ் பிடித்து ஆண்டுக்கணக்கில் ஆறாது. அதனால் தோலுக்கு வெளியே சட்டம் நிற்கும் எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேட்டர், இல்லாவிட்டால் நீளவாக்கில் பிளந்துவிட்ட மாவுக்கட்டு. கேஸ் ஷீட் தொலைந்துபோகும் என்பதால், அந்த மாவுக்கட்டின் மேலேயே மார்க்கர் பேனாவால் எலும்பு உடைந்த இடத்தைப் படமாக வரைந்து, தேதியும் செய்த வேலையும் எழுதிவிடுவது நல்ல வழக்கம். நோயாளி எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் குறிப்பும் கூடவே போகும்.

காலை எடுப்பதா வைப்பதா என்ற கேள்விக்குக் கோயம்புத்தூரிலிருந்தே உலகுக்குப் போன ஒரு கருவி உண்டு. கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் உருவாக்கி 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை அது. எலும்பு உடைந்து தோலும் கிழிந்த கால்களைத் தோல், எலும்பு, தசை என்று தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம், 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது, நடுவில் உள்ளவை டாக்டரின் அனுபவத்துக்கு. காயத்தைச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆனதா, சாக்கடையோ தொழுவ அழுக்கோ பட்டதா, 65 வயதைத் தாண்டியவரா, சர்க்கரை உள்ளவரா என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. நெடுஞ்சாலை விபத்துகளுக்காக வளர்ந்த இந்த முறை, இடிபாட்டிலிருந்து தாமதமாக வரும் கிராமத்துப் பெரியவருக்கும் கிட்டத்தட்டப் பொருந்துவது இதனால்தான். ஆனால் சிறுநீரகம் நின்றுவிட்டதா, இந்தக் காலை வைத்துக்கொண்டு நாலைந்து அறுவை தாங்குவாரா, அத்தனை முறை அரங்கு கிடைக்குமா என்பதையும் சேர்த்துத்தான் அன்றைக்கு முடிவெடுக்க வேண்டும். ஹைட்டியில் 2010 பூகம்பத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான கை கால்கள் எடுக்கப்பட்டன. எல்லாத் திசுக்களையும் ஒரே மட்டத்தில் நேராக வெட்டிவிட்டால் எலும்பு துருத்திக்கொண்டு செயற்கைக் கால் பொருந்தாது, மறுபடி வெட்ட வேண்டிவரும். இரண்டு மூத்த டாக்டர்கள் பார்த்து, குடும்பத்தாரிடம் உட்கார்ந்து பேசி, எழுதி வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய அறுவை இது.

இவ்வளவும் ஆஸ்பத்திரி நின்றால்தான். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் குஜராத்தின் புஜ் நகர அரசு மருத்துவமனையே இடிந்து விழுந்தது. 2023 பிப்ரவரி 6 பூகம்பத்தில் துருக்கியின் இஸ்கெந்தெருன் அரசு மருத்துவமனையின் ஒரு பகுதி விழுந்தது. அதே பூகம்பத்தில் அஸ்திவாரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே அதிர்வை வாங்கிக்கொள்ளும் அமைப்பு வைத்துக் கட்டிய அதானா நகர மருத்துவமனை தொடர்ந்து வேலை செய்தது. புஜ் மருத்துவமனையையும் பிறகு அதே முறையில்தான் கட்டினார்கள். நம் ஊரில் இருக்கிற கட்டடங்களை எல்லாம் இடித்துக் கட்ட முடியாது. ஆனால் மூன்றாவது மாடியில் அறுவை அரங்கு, லிப்ட் நின்றால் ஸ்ட்ரெச்சர் இறங்க வழியில்லை, மொட்டைமாடித் தொட்டி சாய்ந்தால் ஜெனரேட்டர் மேலேயே விழும் என்ற நிலையில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரிகள் எத்தனையோ. ஆக்சிஜன் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டுவது, மருந்து ரேக்கைச் சுவரோடு போல்ட் போடுவது எல்லாம் ஒரு நாள் வேலை. தரைத்தளத்தில் ஒரு அறையைக் கீட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யும் அளவுக்குத் தயாராக வைக்கலாம். கீட்டமின் கொடுத்தால் நோயாளி பெரும்பாலும் தானே மூச்சு விடுவார், பெரிய மயக்க மெஷின் வேண்டியதில்லை.

வெளியிலிருந்து உதவி வரும், ஆனால் நேரம் பிடிக்கும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நமக்கான பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. துருக்கிக்கும் 2025-இல் மியான்மரின் மாண்டலேவுக்கும் போன நம் ராணுவத்தின் கள மருத்துவமனைகள் அருமையாக வேலை செய்தன, ஆனால் எந்தக் கள மருத்துவமனையும் முதல் நாள் மாலைக்குள் கூடாரம் போட்டுவிடுவதில்லை. ஹைட்டியில் தகுதி இல்லாதவர்களும் அறுவை செய்ததைப் பார்த்த பிறகு, உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வரும் குழுக்களுக்குத் தரம் வகுத்தது. இரண்டாம் வகைக் குழு என்றால் 20 படுக்கையும் நாளுக்குக் குறைந்தது 7 பெரிய அறுவையும் செய்யும் திறனும் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நம் தாலுகா ஊர்களில் உள்ள ஒரு நல்ல நர்சிங் ஹோம் அளவுதான். பொள்ளாச்சி, தாராபுரம், கோபி, திருச்செங்கோடு என்று அப்படிப்பட்டவை கொங்கு முழுக்க இருக்கின்றன. முதல் மூன்று நாள் பாரத்தைத் தாங்க வேண்டியவை அவையே.

மூன்றாவது வாரம் இன்னொரு நெருக்கடி வரும், அது செய்தியில் வராது. திறந்து விட்ட காயங்களுக்குத் தோல் ஒட்ட வேண்டும், சட்டத்தை எடுத்து உள்ளே ராடு வைக்க வேண்டும், முதுகுத்தண்டு உடைந்தவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் திருப்பிப் போட ஆள் வேண்டும். பிரசவமும் குடல்வாலும் மாரடைப்பும் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். அறுவை முடிந்தவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் வீடே இல்லை. இதனால்தான் படுக்கை காலியாகாமல் எல்லாம் தேங்குகிறது. 2015 நேபாள பூகம்பத்துக்குப் பிறகு காத்மாண்டுக்கு அருகே சாங்காவில் உள்ள முதுகுத்தண்டு மறுவாழ்வு மையம் தன் கொள்ளளவைத் தாண்டி நிரம்பி வழிந்தது. நம்மிடம் ஒவ்வொரு சிற்றூரிலும் சமையல்கூடம், கழிப்பறை, போர்வெல், ஜெனரேட்டர், வண்டி நிறுத்த இடம் எல்லாம் உள்ள கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. எந்த மண்டபத்தின் கூரை நடுக்கத்தைத் தாங்கும் என்று ஒரு பொறியாளரைக் கொண்டு இப்போதே பார்த்து, தாங்கும் மண்டபங்களை அருகிலுள்ள ஆஸ்பத்திரியோடு இணைத்து, மாவட்ட நிர்வாகம் பட்டியல் எழுதி வைக்கலாம். கட்டு மாற்ற ஒரு நர்ஸும் நடக்கப் பழக்க ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் அங்கே போய்வந்தால், அறுவை அரங்குக்குப் பக்கத்துப் படுக்கை அடுத்தவருக்குக் கிடைக்கும்.